தானா வரும்

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு விருந்தாளியாகப் போவது என்றால் என்னவென்று தெரியாது. ஊர், உறவு, விடுமுறை எதுவும் தெரியாது. நேற்றுவரை இருந்த சுவரும் மின்விசிறியும் காணாமல் போய்விட்டன, யார் யாரோ குனிந்து குனிந்து பார்க்கிறார்கள், அம்மாவின் இடுப்பு மட்டும் மிச்சம் இருக்கிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். 2019 டிசம்பரில் எங்கள் மகளைத் தூக்கிக்கொண்டு கோத்தகிரிக்குப் போனபோது இதை நான் கண்ணெதிரே பார்த்தேன். உறவினர் வீட்டுக்குப் போவது, வருவது பற்றி அதுவரை நான் நினைத்திருந்தவை பல அந்த டிசம்பரில் மாறின.

என் கணவரின் பெற்றோர் வீடு கோத்தகிரிக்குக் கீழே, ஒரு தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருக்கிறது. இருவரும் டேன்டீயில் வேலை செய்தவர்கள். இலங்கை மலைநாட்டிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுப்பதற்காக 1968இல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அவை. மாமா அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். இரண்டு அறை, தகரக் கூரை, பின்னால் தனியாக ஓர் அடுப்படி. கேஸ் அடுப்பு முன்னறை மூலையில் இருந்தது. ஆனால் வீட்டின் உயிர் அந்தப் பின்கட்டு விறகடுப்பில்தான்.

சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ். விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. பஸ் குஞ்சப்பனையைத் தாண்டியதும் ஜன்னல் கண்ணாடிகளை இறக்கி மூடினார்கள். 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்துக்குள் 1,400 மீட்டருக்கு மேல் உயரம் ஏறுகிற பாதை அது. காது அடைத்துக் குழந்தை அழுவாள் என்று பயந்து வழியெல்லாம் பால் கொடுத்துக்கொண்டே வந்தேன். அவள் அழவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் சிரித்தாள். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் அழுகை தொடங்கியது.

வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பேத்தியைப் பிறந்தபோது சென்னைக்கு வந்து பார்த்தவர் அத்தை. மற்றவர்கள் போட்டோவில் மட்டும் பார்த்தவர்கள். மாமாவின் தங்கை குன்னூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவர். குழந்தையைப் பார்ப்பதற்காக முந்தின நாளே லீவு போட்டு வந்துவிட்டார். குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. ஆரத்தி எடுத்து முடிப்பதற்குள் "எந்தங்கத்த இங்க குடு" என்று இரண்டு கைகளாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்தார். மகள் போட்ட அலறலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவரிடமிருந்து நாத்தனாருக்கு, நாத்தனாரிடமிருந்து பக்கத்து வீட்டம்மாவுக்கு என்று கைமாறிக்கொண்டே போனாள். ஒவ்வொரு கையிலும் அழுகை ஒரு படி ஏறியது. என்னிடம் வந்ததும் என் சட்டைக் கழுத்தை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டாள்.

"ஆளுங்களையே பாக்காம வளந்திருக்கு" என்று யாரோ சொன்னார்கள். மெட்ராஸில் கதவைச் சாத்தி வைத்து வளர்த்தால் இப்படித்தான் என்று இன்னொருவர். எனக்கு முகம் சூடாகிவிட்டது. குழந்தைக்கு எட்டு மாதம் வாக்கில் ஆரம்பித்து இரண்டு வயதுவரைகூட வேற்று முகத்தைக் கண்டு இப்படி அழுவது இயல்பு. தன்னுடையவர் யார் என்று மனதுக்குள் தெளிவாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். அதை அன்றே சொன்னேன், இன்றும் சொல்வேன். அழுகிற குழந்தையைக் கை மாற்றி மாற்றிப் பழக்கலாம் என்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை.

இத்தனை கைகளில் மாமாவின் கை மட்டும் நீளவில்லை. "வாங்கம்மா, பயணமெல்லாம் சொகமா" என்று என்னிடம் கேட்டார். பேத்தியை ஒரு முறை பார்த்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவருக்குக் குழந்தைகள் மேல் ஒட்டுதல் குறைவோ என்று அப்போது எனக்குள் ஒரு சின்ன வருத்தம் இருந்தது.

கோத்தகிரிக் குளிர் ஊட்டிக் குளிர் இல்லை. ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெள்ளையாக உறைந்துவிடும். கோத்தகிரியில் அந்த அளவுக்கு இருக்காது. ஆனாலும் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். தேயிலைக்குப் பனி கருகல் வருவது அந்த இடங்களில்தான். எங்கள் வீடு சரிவின் அடிப்பக்கம். விடிகாலையில் தகரக் கூரையிலிருந்து நீர்ப்பனி சொட்டிக்கொண்டே இருக்கும்.

குழந்தைக்கென்று தி. நகரில் ஒரு கனத்த கோட்டு வாங்கியிருந்தேன். அத்தை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் கை பின்னிய ஸ்வெட்டர், கடைசியாகக் குல்லா. "ஒன்னு மேல ஒன்னா போட்டாத்தான் வெயில் வந்ததும் ஒன்னொன்னா கழட்டலாம். இது ஒன்னையே போட்டா புள்ள உள்ளுக்குள்ள வேர்த்துப்போய் அந்த ஈரத்துலயே சளி புடிக்கும்." உடல் எடையோடு ஒப்பிட்டால் சின்னக் குழந்தையின் தோல்பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் சூடு சீக்கிரம் போய்விடும். இது நான் படித்துத் தெரிந்துகொண்டது. அத்தை மூன்று பிள்ளைகளை இதே மலையில் வளர்த்துத் தெரிந்துகொண்டவர். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. குல்லாவை மட்டும் மகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடுங்கி எறிந்தாள். நாங்கள் எடுத்து எடுத்துப் போட்டோம்.

கொண்டுபோன டயப்பர் கட்டையும் அத்தை எடுத்து வைத்துவிட்டார். பிளாஸ்டிக் கூடாது என்று பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடு உள்ள மாவட்டம் நீலகிரி. அதற்கும் மேல், அத்தைக்குத் தன் மண்ணில் அதைப் புதைக்க மனம் வரவில்லை. எரிக்கவும் முடியாது. "ராத்திரிக்கு மட்டும் போடு, பகல்ல துணி போதும்" என்றார். மாமாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து அடுக்கி வைத்திருந்தார். துவைப்பது கஷ்டமாக இல்லை, காய்வதுதான் கஷ்டம். மூடுபனி இறங்கினால் நாளெல்லாம் வெளியே தொங்கினாலும் ஈரம் போகாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அதில் காயப்போடுவார். சீகை விறகின் புகை ஏறி அந்தத் துணிகளுக்கு ஒரு மணம் இருக்கும். சென்னைக்குத் திரும்பி இரண்டு முறை துவைத்த பிறகும் அது போகவில்லை. போகாததில் எனக்குச் சந்தோஷம்.

தேங்காய் எண்ணெய் உறைந்து பாட்டிலுக்குள் வெள்ளைக் கட்டியாக நின்றதை மகள் அதிசயமாகப் பார்த்தாள். அதைவிட அதிசயம் வாயிலிருந்து வந்த புகை. முதல் நாள் காலையில் என் தோளில் இருந்தபடியே தன் மூச்சு வெண்மையாகப் போவதைக் கண்டாள். கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தாள். பிறகு என் வாயைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் அப்பா வாயையும் திறக்கச் சொன்னாள். அடுத்த நாள் அத்தையின் வாயருகே விரலைக் கொண்டுபோய் வைத்தாள். அந்த வீட்டில் எங்களைத் தவிர வேறு ஒருவரை அவளாகத் தொட்டது அதுதான் முதல் தடவை.

கங்குச் சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் அனாவசியமாக வெளியே போவதில்லை. கரடி வரும். காட்டுமாடு தேயிலைக்குள் படுத்திருக்கும். எல்லோரும் உள்ளேதான். அடுப்பில் எரிந்து அடங்கிய கங்கை ஒரு பழைய இரும்புச் சட்டியில் அள்ளி முன்னறைக்குக் கொண்டுவந்து வைப்பார் அத்தை. சுற்றி உட்கார்ந்து கையைக் காய்ச்சிக்கொள்வோம். ஆனால் படுக்கப் பாய் விரித்ததும் முதல் வேலையாக அந்தச் சட்டியை வெளித்திண்ணைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் குளிர் தாங்காமல் திருப்பூரிலிருந்து வந்திருந்த நாத்தனாரின் கணவர், "இன்னிக்கு ஒருநாள் இருக்கட்டும் அத்தை, சின்னக் குழந்தை இருக்கு" என்று கேட்டார். "சின்னப்புள்ள இருக்கிறதுனாலதான் வெளிய வைக்கிறேன்" என்றார் அத்தை.

மூடிய அறையில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு நிறையும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். குளிருக்காக அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்று நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அத்தையின் முகம் நினைவுக்கு வரும். அவருக்கு அந்த வாயுவின் பெயர் தெரியாது. கங்கு இருக்கிற அறையில் ஜன்னலைச் சாத்தக் கூடாது, கங்கு இருக்கிற அறையில் தூங்கக் கூடாது என்ற இரண்டு விதிகளை அவருடைய தாயார் இலங்கைத் தோட்டத்து லயத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார். மலைக்குக் குழந்தையோடு சுற்றுலா வருகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் யாராவது இதை உரக்கச் சொல்ல வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

போன இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, பிற்பகல். அடுப்பில் புகை அடங்கியிருந்தது. புகை இருக்கும்போது குழந்தையை அந்தப் பக்கம் விடுவதில்லை என்று எனக்கும் அத்தைக்கும் ஓர் உடன்பாடு. மாமா மணைக்கட்டையில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை. தோலைப் பிளக்கும்போது சின்னதாக ஒரு சத்தம், மணிகள் தட்டில் விழும்போது வேறொரு சத்தம். மகள் என் மடியிலிருந்து சரிந்து இறங்கினாள். நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். இரண்டடி போய் மறுபடி பார்த்தாள். மாமா பட்டாணிக் குவியலிலிருந்து ஒரு காயை எடுத்துத் தன் பக்கத்தில், தரையில், அவளுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தார். அவள் கையில் கொடுக்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. தன் வேலையைத் தொடர்ந்தார்.

அவள் குந்தி உட்கார்ந்து அதை எடுத்தாள். பிளக்க வரவில்லை. கடித்தாள். அதுவும் வரவில்லை. சற்று நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு அதை அவர் கையில் வைத்தாள். அவர் பிளந்து திருப்பித் தந்தார். ஐந்து மணிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் விரலால் எடுத்துத் தட்டில் போட்டாள். பச்சைப் பட்டாணி அந்த வயதில் தொண்டையில் சிக்கும் என்று நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பது, ஒரு மணி அவள் வாயருகே போனபோது அவருடைய விரல் சட்டென்று குறுக்கே வந்ததில் தெரிந்தது. அன்று சமையலுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே பட்டாணி உரிபட்டது. இரவு முழுக்க எல்லோரும் பட்டாணிக் குழம்புதான் சாப்பிட்டோம்.

எங்களுக்கு ஒரு பெரிய திட்டம் இருந்தது. குன்னூரில் ஒரு வீடு, ஊட்டியில் ஒரு வீடு, கூடலூரில் இரண்டு வீடு, நடுவே தாவரவியல் பூங்கா, படகு இல்லம், முடிந்தால் மலை ரயில். என் கணவர் பேருந்து நேரமெல்லாம் எழுதி வைத்திருந்தார். பட்டாணி உரித்த அந்த மாலைக்குப் பிறகு எனக்குப் போக மனமில்லை. இந்த வீட்டின் மூன்று முகங்கள் பழகவே குழந்தைக்கு இத்தனை நாள் ஆயிற்று. பழகிய அன்றே தூக்கிக்கொண்டு இன்னொரு வீட்டு வாசலில் போய் நின்றால் மறுபடி முதலிலிருந்து அழ வேண்டும். அங்கே பழகுவதற்குள் அடுத்த வீடு. அந்த வீடுகளில் யாருக்கும் குழந்தை கிடைக்கமாட்டாள், அவளுக்கும் யாரும் கிடைக்கமாட்டார்கள். அழுகிற முகம் ஒன்றை மட்டும் எல்லோருக்கும் காட்டிவிட்டு வருவோம். கணவர் தயங்கினார். "போகலைன்னா மனசு கஷ்டப்படுவாங்க" என்றார். அது உண்மை. எங்கள் பக்கத்தில் உறவு என்பது முறை செய்வது, முறையில் முதல் வரி வந்து எட்டிப் பார்ப்பது.

அத்தைதான் முடிவு செய்தார். போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "புள்ளைக்கு அலைச்சல் ஆகாது, நீங்க வாங்க, ரெண்டு நாள் தங்குற மாதிரி வாங்க" என்றார். வந்தார்கள். கூடலூரிலிருந்து மலையேறி வந்தார்கள். ரொட்டி சுட்டுச் சம்பல் அரைத்து, சாயத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தார் அத்தை. வந்தவர்கள் எல்லோரிடமும் வாசலிலேயே, "புள்ளைய தூக்காதீங்க, அதுவா வரட்டும்" என்று சொல்லிவிடுவார். சிலருக்கு முகம் சுருங்கியது. ஆனால் இரவு தங்கியவர்களிடம் மறுநாள் காலையில் அவளே போய்ச் செருப்பை எடுத்துக் கொடுத்தாள். கைக்குழந்தையோடு விடுமுறைக்குப் போகிற யாரும் என்னிடம் கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன்: ஒரு வீட்டுக்குப் போங்கள், அங்கேயே இருங்கள். நடைபழகுகிற குழந்தைக்கு ஊட்டி ரோஜாத் தோட்டமும் அடுப்படி வாசல் சாணித் தரையும் ஒன்றுதான். பெரியவர்களுக்காகத்தான் அந்தச் சுற்றல் எல்லாம்.

அந்த வாரம் ஊராட்சித் தேர்தல் வேறு. பிரச்சார ஜீப் சரியாக அவள் பகல் தூக்க நேரத்தில் ஒலிபெருக்கியோடு வளைவேறி வரும். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு பக்கத்து வீட்டுக்குக் கீதம் பாட ஒரு கூட்டம் டிரம்மோடு வந்தது. அவள் திடுக்கிட்டு எழுந்து, அழ வாய் திறந்து, பிறகு அவர்கள் கையிலிருந்த நட்சத்திர விளக்கைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 26ஆம் தேதி, வளைய சூரிய கிரகணம். ஊட்டி, கோத்தகிரி, கோயம்புத்தூர் எல்லாம் முழு வளையம் தெரியும் பாதையில் இருந்தன. காலை எட்டு மணிக்குப் பிடித்து பதினொன்று தாண்டி விட்டது. பிள்ளைத்தாய்ச்சியும் சின்னக் குழந்தையும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று அத்தை கதவு ஜன்னலையெல்லாம் சாத்தினார். கிரகண நேரத்தில் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். நான் குழந்தையின் கஞ்சிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "புள்ளைக்கும் நோயாளிக்கும் விதி கிடையாது" என்று கேப்பைக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டார்.

பழைய தகரக் கூரை. முன்பு எங்கோ அடித்துப் பிடுங்கிய ஆணித் துளைகள் அதில் நிறைய. இருட்டிய அறைக்குள் அவற்றின் வழியே வெயில் விழுந்து தரையிலும் சுவரிலும் பொட்டுப் பொட்டாக நின்றது. ஒன்பது மணிக்கு அந்தப் பொட்டுகள் எல்லாம் பிறைகளாகியிருந்தன. ஒன்பதரைக்கு வளையங்களாயின. ஒவ்வொரு துளையும் சூரியனின் உருவத்தைத் தலைகீழாகத் தரையில் இறக்குகிறது, ஊசித்துளைக் கேமராவின் கணக்கு அது. தரையெங்கும், பாயின்மேல், மாமாவின் வேட்டிமேல் சின்னச் சின்ன ஒளி வளையங்கள். மகள் கஞ்சியை விட்டுவிட்டு எழுந்தாள். ஒரு வளையத்தை விரலால் எடுக்கப் பார்த்தாள். அது அவள் கையின்மேல் ஏறிக்கொண்டது. கத்தினாள், சந்தோஷத்தில். கையை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். போகும் வழியில் அது தொலைந்து, வேறொன்று அவள் குல்லாவில் விழுந்தது. சில நிமிடங்கள்தான். வெளியே போய் வானத்தைப் பார்க்க முடியவில்லையே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த என் கணவர் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

அதற்கடுத்து வந்தது காய்ச்சல். வந்துபோனவர்களில் யாருக்கோ இருந்த ஜலதோஷம். மூக்கு அடைத்துப் படுக்க முடியவில்லை. படுக்க வைத்தால் மூச்சு முட்டி எழுந்து அழுதாள். உப்புக் கரைசல் சொட்டு மருந்து விட்டேன், காய்ச்சல் மருந்து கொடுத்தேன். ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை, அமைதியாக இருக்கும் குழந்தை நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், உடனே ஆஸ்பத்திரி. இது எனக்கு மனப்பாடம். செல்போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வயிறு ஏறி இறங்குவதை எண்ணினேன். 34. சற்றுப் பொறுத்து மறுபடி. 36. குழி விழவில்லை. ஆனாலும் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மாமா எழுந்து வந்தார். "நிமித்தி வச்சிருந்தா தூங்கும். குடுங்கம்மா, கொஞ்ச நேரம் நீங்க சாய்ங்க" என்றார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கம்பளியை விரித்தார். அவள் போய்விட்டாள். அவர் நெஞ்சில் கன்னத்தை வைத்து நிமிர்ந்தபடியே தூங்கிப்போனாள். நான் சாயவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதிகம் பேசாதவர் அன்று பேசினார். குழந்தை எழுந்துவிடாதபடி, தாழ்ந்த குரலில்.

1973இல் அவருக்குப் பதினாலு வயது. ஹட்டன் பக்கத்துத் தோட்டம். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அந்தக் கணக்கில் இவர்கள் வீட்டில் ஆறு பேர். கோச்சி ஏறித் தலைமன்னார், அங்கிருந்து ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அவருடைய அம்மாவுக்குக் கப்பலில் தலை தூக்க முடியவில்லை. கடைசித் தங்கைக்கு அப்போது நடை வந்து சில மாதம்தான். "கப்பல்ல ஏறுனதுல இருந்து அழுக. யாரு தூக்குனாலும் அழுக. பாவம்னு எல்லாரும் வாங்கி வாங்கிப் பாக்குறாங்க, அதுக்கு இன்னும் பயமாப் போச்சு. மண்டபத்துல வரிசையில நிக்கிறப்பவும் நிக்கல. அப்புறம் நான் யாரையும் கிட்ட வர விடல. டிரங்குப் பெட்டிய ஓரமா வச்சிட்டு அதுபக்கத்துல சும்மா உக்காந்துட்டேன். தூக்கல, கொஞ்சல. ரொம்ப நேரங்கழிச்சு அதுவா வந்து என் முதுகுல சாஞ்சிச்சு. புள்ள தானா வரும்மா. நாம இடத்த விட்டு நகராம இருக்கணும், அவ்வளவுதான்."

நீலகிரிக்கு வந்து முதல் குளிர்காலம் தற்காலிகக் கொட்டகையில். காடு வெட்டித் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலம். ஹட்டன் குளிர் தெரிந்தவர்கள்தான், ஆனால் சுவர் இல்லாத குளிர் புதிது. அந்தத் தங்கைக்குக் குல்லா கிடையாது. அம்மாவின் பழைய ரவிக்கையைத் தலையில் கட்டிவிடுவாராம். அதை அவள் பிடுங்கி எறிவாளாம்.

அந்தத் தங்கைதான் குன்னூர் அத்தை. வாசலில் என் மகளை நெஞ்சோடு அணைத்து அலறவைத்தவர், அப்போது பக்கத்து அறையில் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். மாமா இதை அவரிடம் சொன்னதே இல்லை என்றார். "அதுக்கு அந்தக் காலமே ஞாபகம் இல்ல. எதுக்கு?" என் கணவருக்கும் தெரியாது. நான்கு மணி வாக்கில் காய்ச்சல் இறங்கியது. எண்ணிக்கை 28. மாமா விடியும்வரை கால் மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

குன்னூர் அத்தை கிளம்பும் நாளில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று திண்ணையில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மகள் நடந்துபோய் அவர் முதுகில் சாய்ந்தாள். அத்தை அசையவில்லை. அந்தப் பெரிய குரலில் ஒரு சொல்லும் வரவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் பையைத் தூக்கிக்கொண்டு வளைவுவரை கொண்டுபோய் விட முன்னால் நடந்துவிட்டார். பஸ் போய்விட்டது. அத்தை அடுத்த பஸ்ஸில் போனார்.

அடுத்த டிசம்பரில் கொரோனா. நாங்கள் போகவில்லை. வீடியோவில் மாமா எப்போதும் ஓரத்தில்தான் தெரிவார், பாதி முகம். அதற்கடுத்த ஆண்டு போனபோது மகளுக்கு மூன்றரை வயது தாண்டியிருந்தது. தாத்தா நினைவில் இல்லை. என் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். இந்த முறை நான் கவலைப்படவில்லை, யாரும் எதுவும் சொல்லவும் இல்லை. வாசலில் நின்றவர்கள் ஒரு கையையும் நீட்டவில்லை. வீடே கற்றுக்கொண்டிருந்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் அவள் அடுப்படியில் இருந்தாள்.

மாமா தானாகப் போன் செய்கிற பழக்கம் இல்லாதவர். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் அவரே கூப்பிடுவார். டிசம்பர் ரயிலுக்கு முன்பதிவு திறக்கும் நாளில். முன்பு 120 நாள் இருந்ததால் ஆகஸ்டில் அந்தப் போன் வரும். 2024 நவம்பரில் அதை 60 நாளாகக் குறைத்த பிறகு அக்டோபரில் வருகிறது. எங்கோ டீக்கடையில் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். சுகம் விசாரிப்பதெல்லாம் இல்லை.

"டிக்கெட்டு போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு மாமா, வர்றதுக்குப் போட்டாச்சு. திரும்புறதுக்கும் இப்பவே பார்த்துட்டிருக்கேன்."

"வர்றதுக்கு மட்டும் போடுங்க. திரும்புறத வந்த பொறவு பாத்துக்கலாம்."